தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஓட்டப் போட்டிக்குத் தயார் செய்வது எப்படி? பெயர் கொடுப்பது முதல் வீடு திரும்புவது வரை

கடலூர், புதுச்சேரி பக்கம் நடக்கும் சிறுவர் தடகளப் போட்டிகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.டி. ஆசிரியர் இல்லாத பள்ளியின் வகுப்பாசிரியர், பிள்ளை நன்றாக ஓடுகிறதே என்று பெயர் கொடுத்த அப்பா அம்மா, சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி ஓட வைக்கும் அண்ணன், அக்கா என எல்லோருக்கும் பொருந்தும்.

இந்த வயதில் வேகம் போதாமல் தோற்கிற பிள்ளைகள் குறைவு. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை, பக்கத்து லேனுக்குள் (ஒருவர் ஓடுவதற்காகக் கோடு போட்டுப் பிரித்த பாதை) நுழைந்துவிட்டது, முடிவுக்கோட்டைத் தொடும் முன்பே நின்றுவிட்டது, காலையில் பூரி சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பெரும்பாலும் இப்படித்தான் வெளியேறுகிறார்கள். ஆகவே வேகத்தைக் கூட்டுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது போட்டி நாளைப் பழக்குவதற்கு ஒதுக்குங்கள். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு படிகளை விட்டுவிட்டுப் பயிற்சியில் இறங்கியவர்கள்தான் கடைசி வாரத்தில் அலைகிறார்கள்.

1. அறிவிப்பில் வயதுக் கணக்கைப் பாருங்கள்

பள்ளிக் கல்வித்துறை நடத்தும் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் மிகச் சிறிய பிரிவே 14 வயதுக்குட்பட்டோர்தான். அதில் நான்காம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புக்காரருடன் ஓட வேண்டியிருக்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 8, 10, 12 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடத்தும் சிறுவர் போட்டியாகத் தேடுங்கள்.

வகுப்பை வைத்துப் பிரிவை முடிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஐந்தாம் வகுப்பில் பத்து வயது நிரம்பிய பிள்ளையும் இருக்கும், நிரம்பாத பிள்ளையும் இருக்கும். இன்ன தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கும். அந்தத் தேதி மட்டும்தான் கணக்கு. வயதைக் கணக்கிடும் நாள் போட்டி நடக்கும் நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரு பிள்ளை எத்தனை ஓட்டங்களில் கலந்துகொள்ளலாம், கையூன்றித் தொடங்க வேண்டுமா நின்று தொடங்கலாமா, அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ அனுமதி உண்டா, தவறான தொடக்கத்துக்கு (சத்தம் வரும் முன்பே ஓடிவிடுவது) எச்சரிக்கை உண்டா அல்லது நேராக வெளியேற்றமா என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஓட்டத்தில் முதல் தவறான தொடக்கத்திலேயே வெளியேற்றிவிடுவார்கள். சிறுவர் போட்டிகளில் இது இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் பயிற்சி கொடுக்கும் விதமே இந்தப் பதில்களைப் பொறுத்தது.

2. காகிதங்களை ஒரு மாதம் முன்பே சேருங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், இந்தப் பள்ளியில் படிக்கிறார் என்று தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும் போனஃபைடு சான்றிதழ், இரண்டு புகைப்படம், பெற்றோர் சம்மதக் கடிதம். பொதுவாகக் கேட்பது இவைதான்.

சிக்கல் பிறப்புச் சான்றிதழில்தான் வரும். பிறந்தவுடன் பதிவு செய்தபோது பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெயர் இடம் காலியாகவே இருக்கும். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்தில், கடலூர் நகரம் என்றால் மாநகராட்சியில், பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு நாளாகும். அதனால்தான் ஒரு மாதம் என்கிறேன்.

அடுத்தது இனிஷியல். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், இவர்கள் ஒருவரே என்று தலைமையாசிரியரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதைக் குறைத்துப் பெயர் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் கால் நீளத்திலேயே வித்தியாசம் தெரியும். அப்படி ஓட வைத்தால் எதிரே ஓடுகிற சின்னப் பிள்ளைக்கு அநியாயம். நம் பிள்ளைக்கோ பொய் சொல்லி ஜெயிக்கலாம் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிறது.

3. உடல்நிலையைக் கேட்டு அறியுங்கள்

பெயர் கொடுக்கும் முன் பெற்றோரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். வீசிங் உண்டா? ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்ததுண்டா? இதயத்தில் ஏதாவது இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா? வலிப்பு வந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் காட்டி, ஓடலாம் என்று எழுதி வாங்கிய பிறகுதான் மேலே போக வேண்டும்.

வீசிங் உள்ள பிள்ளை ஓடவே கூடாது என்பதில்லை. டாக்டர் சரி என்று சொன்னால் ஓடலாம். ஆனால் இன்ஹேலர் பிள்ளையின் கூடவே இருக்க வேண்டும், பஸ்ஸில் வைத்த பையில் அல்ல.

4. இடம், நேரம், கோடு

பயிற்சிக்கு மண் அல்லது புல் தரை நல்லது. மஞ்சக்குப்பம் மைதானம் மாதிரி பரந்த இடம் கிடைத்தால் போதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலை வரை வாகனம் விடமாட்டார்கள் என்பதால் பலர் அங்கே பிள்ளைகளை ஓட வைக்கிறார்கள். மெதுவோட்டத்துக்குச் சரி. முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடுவதற்கு அந்தக் கெட்டித் தரை குதிகாலுக்கு ஆகாது.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் வாரம் ஒருநாள் விளையாட விடலாம். அலை நனைத்த ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். அதில் ஒரே திசையில் நீளமாக ஓடினால் கணுக்கால் ஒருபுறமாகவே மடங்கும்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்குள் முடித்துவிடுங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வியர்ப்பதும் குறைவு. அதனால் உடம்பில் சூடு தங்கிவிடும். கத்திரி வெயில் நாட்களில் பயிற்சியே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகும். அந்த வாரங்களுக்குப் பள்ளி வராண்டாவில் செய்யக்கூடிய குதித்தல், தாண்டுதல் பயிற்சிகளை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லேன் கோடுகளைக் கட்டாயம் போட வேண்டும். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர், ஏறக்குறைய நான்கு அடி. 50 மீட்டர் நைலான் கயிறு ஒன்றும் கோலமாவும் இருந்தால் அரை மணியில் மூன்று லேன் போட்டுவிடலாம். சுண்ணாம்புத் தூள் வேண்டாம். விழுந்து எழும் பிள்ளை அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கண் வெந்துவிடும்.

5. எந்தத் தூரம் என்பதை ஓட வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்

வகுப்பில் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளை வேகமாக ஓடும் என்று சொல்ல முடியாது. எல்லோரையும் ஒருநாள் 50 மீட்டர் ஓட வையுங்கள். இன்னொரு நாள் மைதானத்தை இரண்டு சுற்று, நடந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி விடுங்கள். 50 மீட்டரில் முன்னால் வருபவர்கள் குறுந்தூரத்துக்கு. இரண்டாம் சுற்றிலும் பேசிக்கொண்டே ஓடுகிற பிள்ளை இருக்கும், அதுதான் 600 மீட்டருக்கு.

கைபேசியில் நேரம் எடுப்பவர் சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது. 100 மீட்டர் தாண்டி வருவதற்கு ஒலிக்கு 0.3 நொடி பிடிக்கும். தொடங்கி வைப்பவர் கையைத் தலைக்கு மேல் தூக்கி, விசில் ஊதும்போதே கீழே வீசட்டும். அந்தக் கையைப் பார்த்து அழுத்துங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு தனி ஓட்டம், கூடவே ஒரு தொடர் ஓட்டம். இந்த வயதுக்கு அது போதும். ஹீட்ஸ் எனும் தகுதிச் சுற்று, ஃபைனல் என்று ஒரே தூரத்தையே இரண்டு மூன்று முறை ஓட வேண்டியிருக்கும் என்பதை மறந்துதான் மூன்று போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். மதியத்துக்குள் பிள்ளை துவண்டுவிடும்.

6. பயிற்சி: வாரம் மூன்று நாள்

தொடர்ந்து இரண்டு நாள் வேண்டாம். நடுவில் ஒருநாள் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் மெதுவோட்டம், முழங்காலை உயர்த்தி ஓடுதல், குதிகால் பின்னால் தட்ட ஓடுதல், பக்கவாட்டில் தாவுதல். குனிந்து காலைத் தொட்டபடியே அசையாமல் நிற்கும் நீட்டல்களை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓடப் போகும் தசைக்கு முதலில் வேண்டியது சூடும் அசைவும்தான்.

அப்புறம் விளையாட்டு. கோகோவும் ஓடிப்பிடித்தலும் இந்த வயதுக்கு எந்தப் பயிற்சிக்கும் குறைந்தவை அல்ல. கோகோவில் உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்து ஓட வேண்டும், திரும்ப வேண்டும், காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். மூன்றும் 50 மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டியவை.

முழு வேக ஓட்டம் 30 முதல் 50 மீட்டர், ஐந்து அல்லது ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு சீராகும் வரை ஓய்வு. களைத்த பிள்ளையை மறுபடி ஓட வைத்தால் அது மெதுவாக ஓடத்தான் பழகும்.

எட்டு வயதுக்கு மேல் சில பிள்ளைகள் குதிகால் வலி என்பார்கள். எலும்பு வளரும் இடத்தில் இழுப்பு விழுவதால் வருவது இது. சோம்பேறித்தனம் என்று நினைத்து ஓட வைக்காதீர்கள். வலி போகும் வரை ஓய்வு, போகாவிட்டால் டாக்டர்.

7. தொடக்கம்

தொடங்கி வைப்பவர் “ஆன் யுவர் மார்க்ஸ்”, “செட்” என்பார், பிறகு விசில் அல்லது துப்பாக்கிச் சத்தம். பிள்ளைகள் “செட்” என்ற சொல்லுக்கே ஓடிவிடுவார்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளை அசைந்ததைப் பார்த்து ஓடுவார்கள்.

இதை மாற்ற ஒரே வழி, “செட்”டுக்கும் சத்தத்துக்கும் நடுவே உள்ள நேரத்தைத் தினமும் மாற்றிக்கொண்டே இருப்பது. ஒருமுறை ஒரு நொடி, ஒருமுறை மூன்று நொடி, ஒருமுறை சத்தமே தராமல் “எழுந்திருங்க” என்று சொல்லிவிடுவது. அப்போது பிள்ளை சத்தத்துக்காக மட்டும் காத்திருக்கப் பழகும்.

விசிலில் மட்டும் பழகிய பிள்ளை துப்பாக்கிச் சத்தத்தில் உறைந்து நிற்கும், சிலது காதைப் பொத்திக்கொள்ளும். இரண்டு மரப்பலகையை ஒரு பக்கம் கீல் போட்டு இணைத்து ஓங்கித் தட்டுங்கள், கிட்டத்தட்ட அந்தச் சத்தம் வரும். கடைசி இரண்டு வாரம் அதையே பயன்படுத்துங்கள்.

நின்று தொடங்க அனுமதி இருந்தால் நின்றே தொடங்கட்டும். கையூன்றித் தொடங்குவதற்குத் தோளிலும் தொடையிலும் பலம் வேண்டும். அது இல்லாத ஏழு வயதுப் பிள்ளை எழும்போதே தடுமாறும். நிற்கும்போது முன்னால் எந்தக் கால் என்பதை முதல் வாரமே முடிவு செய்து, அதை மாற்றாமல் இருங்கள்.

8. லேனும் வளைவும்

நேர் ஓட்டத்தில் பிள்ளை பக்கத்தில் ஓடுபவரைப் பார்க்கும். பார்க்கும் பக்கமே உடம்பு சாயும், கால் கோட்டைத் தாண்டும். மூன்று லேன் போட்டு நடு லேனில் ஓட வையுங்கள். இரு பக்கமும் வேகமான பிள்ளைகளை நிறுத்துங்கள். லேனின் கடைசியில் அந்தப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலை வைத்து, “பாட்டிலை மட்டும் பாரு” என்று சொன்னால் எளிதில் புரிந்துகொள்ளும்.

200 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று உண்டு. வளைவில் தொடங்குவதால் ஒவ்வொருவரையும் வேறு வேறு இடத்தில் நிறுத்துவார்கள். 400 மீட்டர் டிராக்கில் எட்டாம் லேன் பிள்ளை முதல் லேன் பிள்ளையைவிட ஏறக்குறைய 26 மீட்டர் முன்னால் நிற்கும். வெளி லேனுக்கு வளைவு நீளம் என்பதால் அந்த ஈடு. இதை முன்பே சொல்லாவிட்டால், முதல் லேனில் நிற்கும் பிள்ளை “எல்லாரும் முன்னாடி நிக்கிறாங்க” என்று ஓடும் முன்பே மனம் விட்டுவிடும். எட்டாம் லேன் பிள்ளையோ தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நம்பி வேகத்தைக் குறைக்கும். முடிந்தால் ஒருநாள் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்துக்கோ, புதுச்சேரி உப்பளத்தில் உள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்கோ அழைத்துப் போய் அனுமதி கேட்டு, டிராக்கைச் சுற்றி நடக்க வையுங்கள். வளைவில் உள்கோட்டை மிதித்து ஓடினால் வெளியேற்றக்கூடும் என்பதையும் அங்கேயே காட்டுங்கள்.

9. முடிவுக்கோடு

பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான். கோடு நெருங்கும்போது நிற்கத் தயாராகி, கடைசி ஐந்து மீட்டரில் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பின்னால் வந்தவர் தாண்டிப் போய்விடுகிறார்.

எனவே பயிற்சியில் கோட்டை முடிவாகச் சொல்லாதீர்கள். கோட்டுக்கு அப்பால் பத்து மீட்டர் தள்ளி இரண்டு பெரிய பிள்ளைகளை நிறுத்தி, அவர்கள் கையைத் தட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். தினமும் எல்லா ஓட்டத்திலும் இதையே செய்தால் தானாகப் படிந்துவிடும்.

யார் முதலில் என்பதை முடிவு செய்வது மார்பும் வயிறும் சேர்ந்த உடற்பகுதி. தலையோ கையோ காலோ முன்னால் நீட்டியிருந்தால் கணக்கில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு மார்பை முன்னே தள்ளிப் பாயக் கற்றுக்கொடுக்க வேண்டாம். முகம் குப்புற விழுந்து பல் போகும். நேராக ஓடித் தாண்டினால் போதும்.

பெற்றோர்கள் முடிவுக்கோட்டின் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை குரல் வந்த திசையைத் திரும்பிப் பார்த்து லேன் மாறிவிடும். கத்துவதென்றால் தொடங்கும் இடத்துக்குப் பின்னால் நின்று கத்தட்டும்.

10. 600 மீட்டர் ஓடும் பிள்ளைகளுக்கு

எல்லோரும் முதல் 100 மீட்டரில் பறப்பார்கள், 300-ல் நடப்பார்கள். பாடம் ஒன்றுதான்: முதல் பாதியில் பக்கத்தில் ஓடுபவருடன் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பயிற்சியில் நீங்களே கூட ஓடி அந்த வேகத்தைக் காட்டுங்கள். வாயால் சொன்னால் பிடிபடாது.

11. தொடர் ஓட்டம்

கைமாற்றி ஓடும் குச்சியான பேட்டனைக் கடையில் வாங்க வேண்டாம். ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாயை 30 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, முனையைத் தேய்த்து டேப் சுற்றுங்கள்.

வாங்குகிறவர் திரும்பிப் பார்த்து வாங்கட்டும். பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டும் முறை பெரிய பிள்ளைகளுக்கு. இந்த வயதில் அப்படி முயன்றால் பேட்டன் கீழே விழுந்துவிடும். விழுந்தால் விட்டவரேதான் எடுக்க வேண்டும், மற்றவர் உதவிக்கு ஓடிவரக் கூடாது. இதை வேண்டுமென்றே கீழே போட வைத்துப் பழக்குங்கள். முதன்முறை போட்டியில் விழுந்தால் நான்கு பேரும் அதை நோக்கி ஓடுவார்கள்.

கொடுத்து முடித்த பிள்ளை சட்டென்று விலகாமல் தன் லேனிலேயே நிற்க வேண்டும். பக்கத்து லேனில் வருபவரை மறித்தால் நம் அணியை வெளியேற்றலாம்.

12. முந்தின நாள்

பயிற்சி வேண்டாம். பை கட்டுங்கள்: காகிதங்களின் அசலும் நகலும், செஸ்ட் நம்பரை (மார்பில் குத்தும் எண் அட்டை) குத்த ஆளுக்கு நான்கு ஊக்கு, தண்ணீர், தொப்பி, துண்டு, மாற்றுச் சட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதைக் கலக்க ஒரு லிட்டர் பாட்டில், பஞ்சு, பேண்டேஜ். பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் உப்பு அதிகமாகிக் கெடுதல் செய்யும்.

புது ஷூ வாங்கி வந்திருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பழகாத ஷூ முதல் ஹீட்ஸிலேயே கொப்பளம் போட்டுவிடும். வெறுங்காலில் பழகிய பிள்ளை வெறுங்காலில் ஓடலாம், ஆனால் பத்து மணிக்கு மேல் டிராக் சுடும். காத்திருக்கும் நேரத்துக்கு செருப்பு வேண்டும்.

13. போட்டி நாள் காலை

ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லி, அல்லது இடியாப்பம். எண்ணெயில் பொரித்தது எதுவும் வேண்டாம், செரிக்க நேரமாகும். பாலும் சில பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். நடுவில் பசித்தால் வாழைப்பழம். மைதான வாசலில் விற்கும் கலர் பானமும் ஐஸும் எல்லா ஓட்டமும் முடிந்த பிறகு.

கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்தான். ஆனாலும் காலை பஸ் கூட்டத்தில் பிள்ளைகளுடன் ஏறி இறங்கி, உப்பளம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பிள்ளைக்கு முதல் ஓட்டத்திலேயே கால் கனக்கும்.

போனதும் மூன்று இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: கழிப்பறை, தண்ணீர், பெயர் கூப்பிடும் இடம். பிறகு ஒரு நிழலைத் தேர்ந்து, நாம் எல்லோரும் திரும்பி வர வேண்டிய இடம் இது என்று சொல்லுங்கள். ஒரு பெரியவரை, வேறு எந்த வேலையும் தராமல், அறிவிப்பைக் கேட்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒலிபெருக்கியில் பெயர் தெளிவாகக் கேட்காது, பிரிவும் எண்ணும்தான் பிடிபடும். மூன்று முறை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அழைப்புக்கு அரை மணி முன்பே கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

உடம்பைச் சூடாக்குவது, பயிற்சியில் செய்த அதே பத்து நிமிடம். போட்டி என்று புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அழைத்த பிறகும் பிள்ளைகளை வரிசையில் நீண்ட நேரம் உட்கார வைப்பதுண்டு. எழுந்து நிற்கச் சொன்னதும் நின்ற இடத்திலேயே இருபது முறை குதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

14. ஓடி முடித்த பிறகு

கோடு தாண்டியதும் உட்கார விடாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நடக்க வையுங்கள், பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர். முகம் சிவந்து, பேச்சு குழறி, தலைவலி, வாந்தி என்றால் உடனே நிழல், சட்டையைத் தளர்த்தி உடம்பு முழுக்க ஈரத்துணி, முதலுதவிக் குழு. குழு பக்கத்தில் இல்லையென்றால் 108.

கடைசியாக வந்த பிள்ளையிடம் எத்தனையாவது வந்தாய் என்று கேட்காதீர்கள். சத்தத்துக்குக் காத்திருந்தாயா, லேனில் ஓடினாயா, கோட்டைத் தாண்டி ஓடினாயா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் பயிற்சி செய்ததை அப்படியே செய்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஜெயித்த பிள்ளையிடமும் இதே மூன்று கேள்விதான்.

கிளம்பும் முன் அசல் காகிதங்களைத் திரும்ப வாங்கி எண்ணிப் பாருங்கள். சான்றிதழில் பெயர், இனிஷியல், பிரிவு, தூரம் சரியாக இருக்கிறதா என்று மேசையிலேயே படித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு திருத்தி வாங்குவது பெரிய அலைச்சல். அடுத்த இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாள் காலை மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் கோகோ, அப்புறம் ஓட்டம்.